என்னைப் படுக்க வைக்காதீங்க

முதல்ல ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறேன். நான் கடல்ல மூழ்கல. ஒரு வாய் உப்புத் தண்ணிகூடக் குடிக்கல. எங்க குப்பத்துல இன்னிக்கும் பாதிப் பேரு, "தணிகாசலம் வலை இழுக்கச் சொல்லோ தண்ணி குடிச்சிட்டான், அவங்கண்ணன்தான் உயிரைப் புடிச்சி வெச்சான்"னு சொல்லிட்டுத் திரியறாங்க. மறுத்தா, "பாவம், அவனுக்கு நெனப்பு இல்ல"ங்கறாங்க. அதனாலதான் எழுதியே வெச்சிடலாம்னு உக்காந்தேன். உக்கார்றதோட அருமை என்னைவிட வேற யாருக்குத் தெரியப்போவுது.

எழுபத்தஞ்சாம் வருஷம். எனக்கு அப்போ முப்பத்தோரு வயசு. கல்பாக்கத்துல மின் நிலையம் கட்டிக்கிட்டிருந்த காலம். அங்க ஒரு காண்ட்ராக்டர்கிட்ட டைம்கீப்பரா இருந்தேன். எவன் எத்தனை மணிக்கு வந்தான், எவன் நடுவுல பீடி குடிக்க ஒதுங்கினான்னு நோட்டுல எழுதற உத்தியோகம். எங்க வம்சத்துல கடலுக்குப் போகாம மாசச் சம்பளம் வாங்கின முதல் ஆள் நான்தான். வீடு சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே, கடலை ஒட்டின குப்பத்துல. சைக்கிள்ல போய்ட்டு வருவேன்.

அண்ணன் ஏகாம்பரம் என்னைவிட ஒன்பது வயசு பெரியவன். கட்டுமரம், வலை, கடல், இதுதான் அவன் உலகம். அதோட இன்னொரு கைவேலையும் அவனுக்கு உண்டு. கடல்ல மூழ்கினவனைப் பிழைக்க வெக்கறது. எங்க பக்கம் அதுக்கு ஒரு முறை இருக்கு. மூழ்கினவனைத் தூக்கிட்டு வந்து, கவுத்து வெச்ச பெரிய பானை மேல வயிறு படற மாதிரி குப்புறப் போடுவாங்க. தலை கீழே தொங்கும். பானை இல்லேன்னா மணல் மேட்டுல கிடக்கற கட்டுமரத்து மேல, தலையைப் பள்ளத்துப் பக்கம் வெச்சுக் குப்புறப் போட்டு, முதுகுல ஏறி அமுக்குவாங்க. நுரையும் தண்ணியுமா வாய் வழியா வரும். அண்ணன் இப்படி மூணு பேரை எழுப்பி உக்கார வெச்சவன். கரையில எவன் சுருண்டு விழுந்தாலும் முதல்ல "ஏகாம்பரத்தைக் கூப்புடு"ன்னுதான் குரல் வரும்.

அதுக்கு முந்தின மழைக்காலத்துலேர்ந்தே எனக்கு உடம்பு சொன்ன பேச்சைக் கேக்கல. சைட்ல ஏணி ஏறினா மூச்சு வாங்கும். ராத்திரி ஒரு தலகாணி பத்தாம ரெண்டு, அப்புறம் மூணு. இருமினா எச்சில்ல ஒரு சிவப்புக் கோடு. டி.பி.யா இருக்குமோன்னு பயந்து யார்கிட்டயும் சொல்லல. பயந்தவன் டாக்டர்கிட்டல்ல போயிருக்கணும்? நான் எச்சிலை மண்ணைத் தள்ளி மூடிட்டு வந்தேன். என் சம்சாரம் வேதவல்லி கேட்டதுக்கு, "சிமெண்டுத் தூசி, வேற ஒண்ணுமில்ல"ன்னு எரிஞ்சு விழுந்தேன்.

தை மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பெரிய வலை போட்டிருந்தாங்க. படகுல வலையைக் கொண்டுபோய் வளைச்சு விட்டுட்டு, ரெண்டு முனைக் கயித்தையும் கரையில நின்னு ஆளுங்க இழுக்கற வேலை அது. அன்னிக்கு ஆள் குறைச்சல். நான் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனேன்.

"இன்னாடா டைம்கீப்பரு, எங்களுக்கும் நோட்டு போடறியா?"ன்னு அண்ணன் சீண்டினான். "பேனா புடிச்ச கை கவுறு புடிக்குமா, மறந்துபூட்ச்சா?"

ரோஷம் வந்துடுச்சு. வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு இடுப்பளவு தண்ணியில இறங்கி, கயித்துக்கு முன்னாடி போய் நின்னேன். கால்மணி நேரம் இழுத்திருப்பேன். நெஞ்சு படபடன்னு அடிக்க ஆரம்பிச்சுது. அடி அடின்னு அடிக்குது, நிக்கவே இல்ல. விட்டுட்டுப் போனா கேலி பண்ணுவாங்கன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுத்தேன். அப்ப ஒரு அலை வந்து தட்டிச்சு. கீழ விழுந்தேன். உடனே எழுந்துட்டேன். தலை முடிகூட முழுசா நனையல. ஆனா எழுந்தவனுக்கு மூச்சு வரல.

அது எப்படி இருந்துதுன்னு சொல்லணும். காத்து சுத்தி எங்க பார்த்தாலும் இருக்கு, வாயைத் திறந்து திறந்து இழுக்கறேன், உள்ளே போகமாட்டேங்குது. நெஞ்சுக்குள்ள கொதிக்கற சோத்துப் பானை மாதிரி களகளன்னு சத்தம். கரைக்கு நாலு எட்டு வெச்சு முட்டி போட்டு விழுந்தேன். இருமினேன். வாய் நிறைய நுரை. இளஞ்சிவப்பு நுரை. மணல்ல அதைப் பார்த்ததும் நான் செத்தேன்னு முடிவு பண்ணிட்டேன்.

அலை தட்டினதைப் பார்த்தாங்க, விழுந்ததைப் பார்த்தாங்க, வாயில நுரையைப் பார்த்தாங்க. கடக்கரைக்காரனுக்கு வேற என்ன தோணும்? "தண்ணி குடிச்சிட்டான்"னு கத்தினாங்க. அண்ணன் கயித்தைப் போட்டுட்டு ஓடி வந்தான். என்னை அள்ளித் தோள்ல போட்டான். கட்டுமரத்து மேல, தலை கீழ்ப்பக்கம், குப்புற.

"பயப்படாதடா, தோ எட்த்துர்றேன்"னான். அவ்வளவு பாசமான குரல்.

முதுகுல அவன் ரெண்டு கையும் இறங்கினப்போ கண்ணு இருட்டிச்சு. தலைகீழாப் போட்டதும் கொஞ்சநஞ்சம் போய்க்கிட்டிருந்த காத்தும் நின்னுபோச்சு. நான் மூழ்கல, என்னை உக்கார வைங்கன்னு சொல்லணும். அஞ்சே வார்த்தை. அதைச் சொல்ல மூச்சு வேணுமே. கையை ஊன்றி எழப் பார்த்தேன். ரெண்டு பேர் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. நுரை இன்னும் வந்துச்சு. "வர்து, வர்து, அமுக்குணா"ன்னு சுத்தி நின்னவங்க சந்தோஷப்படறாங்க. என்மேல உசிரையே வெச்சிருக்கறவன் கையாலயே நான் சாகப்போறேன், அது அவனுக்குத் தெரியவும் போறதில்ல. அந்த நிமிஷத்துப் பயம் இருக்கே, அப்புறம் நெஞ்சைத் திறக்கறப்போகூட எனக்கு அந்த அளவு வரல.

நுரையைத் துடைக்க அண்ணன் கை என் வாய்கிட்ட வந்துச்சு. கடிச்சேன். கட்டைவிரலை, எலும்பு பல்லுல தட்டுற வரைக்கும் கடிச்சேன்.

அவன் அலறிட்டு விட்டான். பிடிச்சிருந்தவங்களும் பயந்து விட்டாங்க. நான் உருண்டு, தவழ்ந்து, பக்கத்துல நின்ன படகுல முதுகைச் சாய்ச்சு உக்காந்தேன். ஒரு நூல் காத்து உள்ளே போச்சு. அடுத்தாப்ல இன்னொரு நூல்.

"காத்து கருப்பு பூந்துக்கிச்சு, புடிங்கடா அவன"ன்னு எவனோ சொன்னான். மறுபடி கிட்ட வந்தாங்க. அதுக்குள்ள வேதவல்லி வந்துட்டா. அவ படிக்காதவதான். ஆனா என் கண்ணைப் பார்த்தா, சாய்ஞ்சு உக்காந்திருக்கற விதத்தைப் பார்த்தா, பாதி புரிஞ்சுபோச்சு அவளுக்கு. மூணு தலகாணியைத் தினமும் அடுக்கினவ அவதானே.

"எவனும் கிட்ட வராத. இந்தாளு ராவுலயே ஒக்காந்துகினுதான் தூங்குது. அப்டியே வுடு"ன்னு கையை விரிச்சு நின்னா.

இறால் வாங்க வந்த ஐஸ் வேன் ஒண்ணு ரோட்டுல நின்னுக்கிட்டிருந்துச்சு. அதுல ஏத்தினாங்க. டிரைவர் நல்ல மனுஷன், பலகையைப் போட்டு, "படுக்க வைம்மா, குலுங்காம போறேன்"னார். வேதவல்லி கேக்கல. ஐஸ் பெட்டி மேல என்னை உக்கார வெச்சு, கால் ரெண்டையும் தொங்கவிட்டு, பின்னாலேர்ந்து கட்டிப்பிடிச்சுக்கிட்டா. திருக்கழுக்குன்றம் வழியா செங்கல்பட்டு. வழியெல்லாம் நான் காத்தைத் தவிர வேற எதையும் நினைக்கல. அண்ணன் வேன்ல ஏறல. விரலைத் துண்டுல சுத்திக்கிட்டு ரோட்டு ஓரமா நின்னவன் முகத்தைக் கடைசியாப் பார்த்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில தள்ளுவண்டியைக் கொண்டு வந்தாங்க. அதைப் பார்த்ததும் வேதவல்லி கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். படுக்க வெப்பாங்களே. ஆனா ஒரு சிஸ்டர், ஒல்லியா, கண்ணாடி போட்டு, இருபத்தஞ்சு வயசு இருக்கும், தூரத்துலேர்ந்தே குரல் கொடுத்துச்சு.

"அவரைப் படுக்க வைக்காதீங்க. நாற்காலியில கொண்டாங்க."

அந்தக் குரலுக்கு நான் கோயில் கட்டணும்.

அப்புறம் எல்லாம் வேகமா நடந்துச்சு. கட்டிலோட தலைப்பக்கத்தைத் திருகி நிமிர்த்தி என்னை உக்கார வெச்சாங்க. மூக்குல ஆக்சிஜன் குழாய். ஒரு சின்ன டாக்டர் நெஞ்சுல கேட்டுட்டு, ஊசி ரெண்டு போட்டார். ஒண்ணு பதட்டத்தை அடக்கறது, இன்னொண்ணு மூத்திரத்தைப் பிரிச்சுவிடறது. அதுக்கப்புறம் செஞ்சதுதான் எனக்கு வினோதமா இருந்துச்சு. ரெண்டு கால்லயும் ஒரு கையிலயும் ரப்பர் குழாயால இறுக்கிக் கட்டினாங்க. கால்மணிக்கு ஒருதரம் ஒரு கட்டை அவுத்து, கட்டாத கையில கட்டினாங்க. சுத்திச் சுத்தி அதே மாதிரி. கட்டிப்போடறாங்களே, கடிச்சது இவங்களுக்கும் தெரிஞ்சுபோச்சான்னு நினைச்சேன்.

மூணு மணி நேரத்துல ரெண்டு பாத்திரம் மூத்திரம் போச்சு. களகள சத்தம் அடங்குச்சு. மூச்சு விட்டுக்கிட்டே அழுதேன். அழ முடியுதேன்னு அதுக்கும் சேர்த்து அழுதேன்.

மறுநாள் பெரிய டாக்டர் வந்து கேட்டார். "சின்ன வயசுல மூட்டு வீங்கி ஜுரம் வந்து படுத்திருக்கியா?"

பதினோரு வயசுல வந்திருக்கு. தொண்டை வலி, ஜுரம், அப்புறம் முட்டி வீங்கி ஒரு மாசம் நடக்க முடியல. அண்ணன்தான் என்னை முதுகுல தூக்கிட்டுத் திரிஞ்சான். சரியாப்போச்சுன்னு எல்லாரும் மறந்துட்டோம். அந்த ஜுரம் மூட்டை விட்டுட்டு இதயத்துல தங்கிடுச்சாம். இதயத்துக்குள்ள அறைக்கு அறை கதவு இருக்கு. நுரையீரல்லேர்ந்து ரத்தம் வர்ற வழியில இருக்கற கதவு எனக்குத் தழும்பேறி, ஒட்டிக்கிட்டு, சந்து மாதிரி ஆயிடுச்சு. சும்மா உக்காந்திருக்கறப்போ சந்துல மெதுவாப் போய்டும். கயித்தை இழுத்து நெஞ்சு வேகமா அடிச்சா ரத்தம் தாண்டறதுக்கு நேரம் இல்ல. பின்னால நுரையீரல்ல தேங்கிடும். தேங்கினா அதுலேர்ந்து தண்ணி கசிஞ்சு காத்து போற இடத்துல நிறையும். நுரையா வந்தது அதுதான்.

"அப்போ நான் உள்ளுக்குள்ளயே மூழ்கினேனா சார்?"

"அப்படித்தான் வெச்சுக்கோ"ன்னார். "ஆனா வெளித்தண்ணி இல்ல. கவுத்தா கொட்டாது. தலைகீழாப் போட்டா, படுக்க வெச்சா, கால்ல வயித்துல இருக்கற ரத்தமெல்லாம் நெஞ்சுக்குத் திரும்பி வந்து இன்னும் தேங்கும். உக்கார வெச்சுக் காலைத் தொங்கப்போட்டா ரத்தம் கீழயே நிக்கும். நேத்து ரப்பரைக் கட்டினதும் அதுக்குத்தான்."

கூடவே சொன்னார், கதவைத் திறக்க மெட்ராசுல ஆபரேஷன் இருக்கு, டாக்டர் விரலையே இதயத்துக்குள்ள விட்டு ஒட்டினதைப் பிரிச்சுவிடுவார்னு. எனக்கு அன்னிக்குச் சோறு இறங்கல.

பக்கத்துக் கட்டில்ல மதுராந்தகத்து நெல் வியாபாரி ஒருத்தர். மாரடைப்பு. நல்லாப் பேசுவார். அவருக்குத் திடீர்னு வேர்த்துக் கொட்டி, பிரஷர் இறங்கிடுச்சுன்னு ஒரு நாள் கட்டிலைத் தட்டையாக்கி, கால்பக்கத்துக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தாங்க. "சிஸ்டர், அவரை உக்கார வைங்க, செத்துடுவார்"னு கத்தினேன். சிஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்காம, "உங்க வியாதி உங்களுக்கு, அவர் வியாதி அவருக்கு"ன்னுச்சு. அரை மணியில அவர் முகம் தெளிஞ்சுடுச்சு.

இன்னொரு கூத்தும் சொல்றேன். இ.சி.ஜி. எடுக்க ஆள் வந்தப்போ, "படுங்க, ரெண்டு நிமிஷம்தான்"னார். நான் கட்டில் கம்பியைப் பிடிச்ச பிடியை விடல. "சார், ரெண்டு நிமிஷத்துல நான் செத்தவன் சார்." அவர் சிரிக்கல. "சரி, சாய்ஞ்சபடியே எடுத்துக்கறேன், சீட்டுல எழுதிடறேன்"னு ஒயரை மாட்டினார். அவர் பேர்கூடத் தெரியாது. நல்லா இருக்கட்டும்.

சாப்பாட்டுல உப்பு கூடாதுன்னுட்டாங்க. உப்பு உடம்புல தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்குமாம். கருவாடு தின்னு வளர்ந்தவனுக்கு உப்பில்லாத மீன் குழம்பு. தினம் பஸ் ஏறித் தூக்குவாளியில கொண்டு வருவா வேதவல்லி.

"இன்னாடி இது, குழம்பா, மீன் குளிச்ச தண்ணியா?"

"துன்னுய்யா. மறுபடி அந்த நுரை வந்தா நான் ஒண்டியா நின்னு எத்தினி பேரத் தடுப்பேன்?"

அவளும் வீட்டுல தனக்குன்னு வேற குழம்பு வெக்கல, அதையேதான் தின்னிருக்கா, பின்னாடிதான் தெரிஞ்சுது.

அண்ணன் மட்டும் உள்ளே வரல. தினமும் வர்றானாம். விரலுக்குக் கட்டுப் போட்டுக்கிட்டு, வராந்தாவுல தூணுக்கு அந்தப் பக்கம் உக்காந்துட்டுப் போயிடறானாம். வேதவல்லிதான் சொன்னா. "உள்ள வா மாமான்னா, அவனுக்கு என்னப் பாத்தா மூச்சு முட்டும்னு சொல்லுது."

எனக்கும் கூப்பிடத் தோணல. பொய் சொல்ல மாட்டேன். கண்ணை மூடினா முதுகுல அவன் கை தெரிஞ்சுது. அவன் வேணும்னு செய்யலன்னு புத்திக்குத் தெரியுது. உடம்புக்குத் தெரியமாட்டேங்குதே.

ஆறாம் நாள் காலையில நெல் வியாபாரி இட்லி தின்னுக்கிட்டிருந்தார். பாதிப் பேச்சுல தலை தொங்கிடுச்சு. சிஸ்டர் ஓடி வந்து கழுத்துல விரலை வெச்சுப் பார்த்துச்சு. ஒரே இழுப்புல அவரைத் தட்டையாப் படுக்கப் போட்டு, முதுகுக்கடியில பலகையைச் செருகி, நடுநெஞ்சுல ரெண்டு கையையும் வெச்சு அமுக்க ஆரம்பிச்சுது. இன்னொரு சிஸ்டர் பையால காத்தை அடிச்சுது. டாக்டர் வந்து மாத்தி அமுக்கினார். ரொம்ப நேரம். வேர்த்து வழிய வழிய அமுக்கினாங்க. ஆனா அவர் போய்ட்டார். நான் தலகாணியைக் கட்டிக்கிட்டு எல்லாத்தையும் பார்த்தேன். அடுத்தது நான்தான்னு நினைச்சேன்.

நிமிர்ந்தா, வாசல்ல அண்ணன். முகம் வெளுத்து நிக்கறான். அவனும் பார்த்திருக்கான். எல்லாம் முடிஞ்சு, சிஸ்டர் கை கழுவிட்டு வந்தப்போ மெதுவாக் கேட்டான்.

"சிஸ்டரம்மா, நானும் அப்டித்தான் அமுக்கனேன். என் தம்பிய. தலகீயாப் போட்டு." கட்டுப் போட்ட கையைப் பின்னால மறைச்சுக்கிட்டான். "எதுக்கு எத்த செய்யணும்னு எனக்குச் சொல்லிக் குடுப்பியா?"

சிஸ்டருக்கு அப்பவும் கண்ணு சிவந்துதான் இருந்துச்சு. வேலை தலைக்கு மேல கிடந்துது. ஆனாலும் என் கட்டில் ஓரமா நின்னு அவனுக்குச் சொல்லுச்சு. "முழிச்சிருக்கான், பேச முடியாம மூச்சுத் திணறுறான்னா உக்கார வைங்க. காலைத் தொங்க விடுங்க. நீங்களே அவனுக்கு முதுகு கொடுங்க. மயங்கிட்டான், ஆனா மூச்சு இருக்குன்னா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில தண்ணி, சோடா எதுவும் ஊத்தாதீங்க. மூச்சும் இல்ல, நாடியும் இல்லேன்னாதான் மல்லாக்கப் போட்டு நெஞ்சை அமுக்கணும், வாயோட வாய் வெச்சு ஊதணும். மூழ்கினவனுக்கும் அதுதான். பானை வேண்டாம்."

அண்ணன் மறைச்ச கையை முன்னால கொண்டு வந்து பார்த்தான். அப்புறம் கேட்டான். "அப்போ நான் எய்ப்பி வுட்ட அந்த மூணு பேரு?"

"அவங்களைத் தண்ணியிலேர்ந்து இழுத்தது யாரு?"

"நான்தான்."

"அது போதும். அதுலதான் பிழைச்சாங்க"ன்னுட்டுப் போயிடுச்சு.

அண்ணன் என்னைப் பார்க்காம, "உக்கார வெக்கணும், கால தொங்க வுடணும்"னு வாய்க்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டே வெளியே போனான்.

பதினாறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினாங்க. தினம் மாத்திரை, இருபத்தோரு நாளைக்கு ஒருதரம் பென்சிலின் ஊசி, மெட்ராசுலேர்ந்து தேதி வர்ற வரைக்கும் அசையாம இருக்கணும். இருந்தேன். சுவர்ல தலகாணி வெச்சுச் சாய்ஞ்சபடியே இருந்தேன், சாய்ஞ்சபடியே தூங்கினேன். வீட்டுல பாயை விரிச்சாலே எனக்கு நெஞ்சு அடிக்கும்.

மாசி மகத்தன்னிக்கு மறுபடி வந்துச்சு. ரெண்டு நாளா ஜுரம். காலையில களகளன்னு சத்தம் கேட்டதும் வேதவல்லியைப் பார்த்தேன். அவ அண்ணன் வீட்டுக்கு ஓடினா. அன்னிக்குன்னு பார்த்து ஊர் ஊரா சாமிங்க கடலாட வர்ற நாள். ரோடு முழுக்க ஜனம், பல்லக்கு, மேளம். வண்டி எதுவும் குப்பத்துக்குள்ள வர முடியாது.

அண்ணன் வந்தான். என்னை ஒரு தடவை பார்த்தான். டீக்கடை இரும்பு நாற்காலியைத் தூக்கிட்டு வந்து, ரெண்டு பக்கமும் துடுப்புக் கழியை வெச்சு வலைக்கயித்தால வரிஞ்சு கட்டினான். என்னை அதுல உக்கார வெச்சு, நெஞ்சை இறுக்காம இடுப்போட துணியால கட்டினான். நாலு பேர் தூக்கினாங்க. கடலைப் பார்த்து சாமிங்க வருது, எதிர்ல நான் போறேன். ஒரு கிழவி என்னைப் பார்த்தும் கன்னத்துல போட்டுக்கிச்சு. சிரிக்க மூச்சில்ல.

பாதி வழியில கூட்டம் மறிச்சுது. "வாயில நொர வர்து பாரு, எறக்கிப் படுக்க வைங்கப்பா, சோடா குடுங்க"ன்னு நாலு பக்கமும் கை நீளுது. ஒருத்தன் என் தோளைப் பிடிச்சே இழுத்தான். எனக்குக் கட்டுமரத்து நினைப்பு வந்துடுச்சு. கழியைப் பக்கத்துல நின்னவன் கையில குடுத்துட்டு அண்ணன் முன்னால வந்தான். கட்டைவிரலை என்னை இழுத்தவன் முகத்துக்கு நேரா நீட்டினான்.

"இத்தப் பாத்தியா? இவனப் படுக்க வெச்சதுக்குக் கெடச்சது. எவனாவது கைய வெச்சீங்க, இப்போ நான் கடிப்பேன்."

வழி விட்டாங்க. ரோட்டுல ஒரு காண்ட்ராக்டர் வேன் கிடைச்சுது. அதுல சாயறதுக்கு எதுவும் இல்ல. அண்ணன் பலகையில எனக்குப் பின்பக்கமாத் திரும்பி உக்காந்து, அவன் முதுகை என் முதுகோட ஒட்ட வெச்சான். செங்கல்பட்டு வரைக்கும் அசையல. அவன் மூச்சு விடறது என் முதுகுல தெரிஞ்சுது. அதே கணக்குல நானும் விடப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில என்னை இறக்கினதும் அவனால எழுந்திருக்க முடியல, கால் மரத்துப்போய் வேன்லயே கிடந்தான்னு வேதவல்லி சொன்னா. சிஸ்டர் என்னைப் பார்த்துட்டு, "யார் இப்படிக் கொண்டு வந்தது, சரியாக் கொண்டு வந்திருக்காங்க"ன்னுச்சாம்.

பங்குனியில மெட்ராசுல ஆபரேஷன். இடப்பக்கம் நெஞ்சைத் திறந்து, சொன்ன மாதிரியே விரலை விட்டுக் கதவைப் பிரிச்சாங்க. வலியை எழுதப்போறதில்ல, எழுதினா முடியாது. மூணு வாரம் கழிச்சு டாக்டர், "இனிமே நீ தட்டையாப் படுக்கலாம்பா, ஒண்ணும் ஆகாது"ன்னார். தலையாட்டிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தும் சுவர்லயேதான் சாய்ஞ்சேன். படுக்கணும்னு நினைச்சாலே நெஞ்சுல கட்டுமரம் தெரியுது. வேதவல்லி கெஞ்சிப் பார்த்தா, திட்டிப் பார்த்தா. முடியல. கதவைத் திறந்துட்டாங்க, பயத்தைப் பிரிச்சுவிட யாரும் இல்ல.

ஒரு நாள் மத்தியானம் அண்ணன் வந்தான். வலையை உலர்த்திட்டு நேரா வந்திருக்கான், உடம்பெல்லாம் மணல். மூலையில சுருட்டி வெச்சிருந்த பாயை எடுத்து விரிச்சான். அவன் முதல்ல படுத்தான், மல்லாக்க. பக்கத்துல தட்டிக் காட்டினான்.

"வா."

"என்னால முடியாதுண்ணா."

"தெரியும். வா."

எவ்வளவு நேரம் ஆச்சுன்னு தெரியல. கையை ஊன்றி, முழங்கையை ஊன்றி, கொஞ்சம் கொஞ்சமா இறங்கினேன். தலை பாயில பட்டதும் நெஞ்சு அடிச்ச அடி எனக்கே கேட்டுச்சு. எழுந்திரிக்கப் போனேன். அண்ணன் என்னைப் பிடிக்கல. அவன் கையைக் கொண்டு வந்து என் வாய்கிட்ட வெச்சான். கட்டைவிரல்ல ரெண்டு வரிசையா என் பல்லுத் தழும்பு.

"மூச்சு முட்டுச்சுன்னா கடிடா"ன்னான். "நான் எயுந்து உன்ன உக்கார வெச்சிர்றேன்."

அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் நான் தூங்கினேனாம். எழுந்து பார்த்தப்போ அவன் கை அங்கயேதான் இருந்துச்சு.